ஒரு சாண் தள்ளி எலுமிச்சம்பழம்

சபியாவின் கிளட்ச் எப்படிப்பட்டது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் முத்திருளன் அண்ணன் முட்டி ஏன் தேய்ந்தது என்பது உங்களுக்கு விளங்காது. படுத்துக் கிடக்கும் எருமையைக் காலால் தள்ளி எழுப்பிப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான். அதை ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு தடவை செய்யவேண்டும். நான் எண்ணியிருக்கிறேன். கூட்டமில்லாத ஒருநாள் முன் சீட்டில் உட்கார்ந்து எண்ணியதில் ஒரு நடைக்கு முந்நூற்றுச் சில்லறை வந்தது. நாளைக்கு நாலு நடை.

சபியா என்பது பஸ். எங்கள் முதலாளி ஜலீல் ராவுத்தர் தன் தாயார் பெயரை வண்டிக்கு வைத்திருந்தார். திருமங்கலத்தில் கிளம்பி, மதுரைக்குள் புகுந்து, தல்லாகுளத்தில் ஆபீஸ்காரர்களையும் கோர்ட்டுக்கு வாய்தா வாங்கப் போகிறவர்களையும் இறக்கிவிட்டு, மேலூர் வழியாகக் கொட்டாம்பட்டி போகும். “சபியா போயிருச்சா?”, “சபியா இன்னும் வரக்காணாமே” என்று ஜனங்கள் பேசுவதை ராவுத்தர் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. வண்டி வழியில் நின்று, “சபியா படுத்துருச்சு மொதலாளி” என்று போய்ச் சொன்னால் மட்டும், “வண்டின்னு சொல்லுங்கப்பா” என்பார்.

நான் அதில் கண்டக்டர். பெயர் சின்னச்சாமி. பதினெட்டு வருஷம் முத்திருளன் அண்ணனோடு ஓடியிருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் கோபம் வரும் என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் காலை எட்டரை மணிக்கு ஒருநாள் டிக்கெட் கிழித்துப் பார்க்கட்டும்.

அண்ணனுக்குத் திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கரிசல் காட்டு ஊர். அப்பா கலப்பையைக் கையில் கொடுத்தபோது பதினேழு வயதில் பருத்தி லாரியில் ஏறி ஓடிவந்தவர். கிளீனராக ஆறு வருஷம், லாரி டிரைவராக ஏழு வருஷம், அப்புறம் சபியா. வண்டி ஓட்டும்போது பேசமாட்டார். ஆரன் அடிக்கமாட்டார். ஏன் என்று கேட்டேன். “ஆரன் அடிச்சா பயந்து ஒதுங்குவான். பயந்தவன் எந்தப் பக்கம் ஓடுவான்னு ஒனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?” என்றார். ரோட்டில் முன்னால் போகிறவனுக்குப் பின்னால் மெதுவாகப் போய் நிற்பார். அவனே திரும்பிப் பார்த்து வெட்கப்பட்டு ஒதுங்குவான். மேலூரில் ஏறும் மோர்க்காரப் பெண்கள் அவர் வண்டியில் பானைக்கு மூடி போடமாட்டார்கள். அவர் கியர் மாற்றினால் மோருக்கே தெரியாது.

அந்த இடது முட்டி எண்பத்து மூன்றாம் வருஷத்திலேயே தகராறு பண்ண ஆரம்பித்தது. எண்ணெய், ஒத்தடம், முட்டை வெள்ளைக்கருப் பற்று எல்லாம் பார்த்தாயிற்று. எண்பத்தாறு கடைசியில் காலைக் கையால் தூக்கிக் கிளட்சில் வைத்து மிதித்தார். மதுரையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் வெளிநாட்டில் படித்து வந்த டாக்டர் முட்டியையே மாற்றுகிறார், மாணவர்களுக்குக் காட்டுவதற்காகச் சிலருக்கு இனாமாகச் செய்கிறார் என்று கடிதம் கொடுத்தார். அண்ணனும் அவர் சம்சாரம் சோணையம்மாள் மதினியும் துணைக்கு நானும் ரயிலேறினோம்.

மெட்ராஸ் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி ஏழெட்டு மாணவர்களைக் கூப்பிட்டார். இவ்வளவு மோசமான முட்டியைத் தான் பார்த்ததே இல்லை என்று அவர்களிடம் சொன்னார். அண்ணன் ஊருக்குத் திரும்பியதும் இதை எல்லாரிடமும் சொன்னார், மகன் பத்தாவதில் முதலாவதாக வந்ததைச் சொல்லுகிற மாதிரி.

“என்ன வேலை பாக்கறீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“டிரைவருங்கய்யா.”

“மூணு நாலு மாசம் போகட்டும், தாராளமா ஓட்டலாம். குத்தவைக்கக் கூடாது. சம்மணம் போடக் கூடாது.”

பஸ் டிரைவர் என்று சொல்வதற்காக நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் தொடையைப் பிடித்துத் திருகினார். மூன்று நாள் கன்றியிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் ஊருக்கு வந்தபிறகு அண்ணன் அந்தக் காலை என் கால் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அதற்கு மெட்ராஸ்காரன் என்று பெயர். “மெட்ராஸ்காரன் இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்கான்”, “மெட்ராஸ்காரன் மடங்க மாட்டேங்கிறான்” என்பார். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பற்றி, அவன் எழுந்து வெளியே போன நேரம் பார்த்துச் சொல்கிற குரல். மடக்கிப் பழகச் சொல்லி டாக்டர் கொடுத்த பயிற்சியை மதினி கூடவே நின்று செய்யவைத்தார். கட்டிலில் உட்கார்ந்து அவர் குதிகாலை எவ்வளவு பின்னுக்கு இழுத்தார் என்பதைத் தரையில் கரியால் கோடு போட்டு வைப்பார். குத்தவைக்கக் கூடாது என்பதால் ஒரு பழைய நாற்காலியின் நடுவில் ஆசாரியை விட்டு ஓட்டை போட்டார்கள். அதைப் பற்றி இதற்குமேல் எழுதினால் அண்ணன் என்னோடு பேசமாட்டார்.

இரும்பு முட்டி பார்க்கத் தெருவே வந்தது. எதிர்வீட்டுக் காளைக்கு மைக் செட் தொழில். அவன் கெட்டுப்போன ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றி எடுத்துவந்து, எல்லாரும் பார்க்க அண்ணன் முட்டியில் வைத்தான். ஒட்டவில்லை. மேலே வைத்தான், பக்கத்தில் வைத்தான். விழுந்தது.

“ஏமாத்திட்டாய்ங்க மாமா” என்றான் காளை. “இரும்புன்னா ஒட்டணும்ல? பித்தளைய வச்சு விட்டிருக்காய்ங்க.”

அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இனாமாகச் செய்த வேலை அப்படித்தான் இருக்கும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் எங்கள் ஷெட் மெக்கானிக் உமர் பாரூக் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “மதினி, ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டாங்க” என்றார். டம்ளரில் காந்தத்தை வைத்தார். அதிலும் ஒட்டவில்லை. மதினி அந்த டம்ளரை எல்லார் கண்ணிலும் படும்படி வாசலில் வைத்துக் காந்தத்தையும் பக்கத்தில் வைத்தார். அதன்பிறகுதான் வீட்டில் சோறு இறங்கியது.

இதற்கிடையில் சபியாவை விருமாண்டி என்கிற இளவட்டம் ஓட்டிக்கொண்டிருந்தான். நல்ல பையன். சும்மா சொல்லக்கூடாது, மரியாதை தெரிந்தவன். ஆனால் அவனுக்கு இரண்டே வேகம்தான் தெரியும், ஒன்று பறப்பது, மற்றது நிற்பது. அவன் பிரேக்கில் நான் ஒரே மாதத்தில் மூன்று தடவை ஒரே அம்மாள் மடியில் விழுந்தேன். மூன்றாவது தடவை அவர் புருஷனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மோர்ப்பானைகளுக்கு மூடி வந்துவிட்டது. மூடிக்கு மேல் துணியும் கட்டினார்கள்.

ஆடி மாதம் அண்ணன் டாக்டர் கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு ராவுத்தரிடம் போனார். கூட நானும் போனேன். ராவுத்தர் கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தார்.

“வண்டி ஓட்டலாம்னு எழுதியிருக்காரு. சரி. அந்த டாக்டர் என்னா வண்டி வச்சிருக்காரு?”

“பியட்டுக் காரு மொதலாளி.”

“அப்ப பியட்டுக்குத்தான்ப்பா எழுதிக் குடுத்திருக்காரு.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

“முத்திருளா, நான் ஒன்னைய வீட்டுக்குப் போன்னு சாகுற வரைக்கும் சொல்லமாட்டேன். ஆனா உள்ள அம்பத்தஞ்சு பேரு உக்காந்திருக்கான். நிக்கிறவன் கணக்கு அல்லாவுக்குத்தான் தெரியும். ஆயுதபூசைக்கு இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல கெடக்கு. அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் வண்டிய நீ எடு. ஒழுங்கா எடுத்துட்டா வண்டி ஒனக்கு. திணறுச்சுன்னா டைம் கீப்பரா இரு. அதே சம்பளம்தான்.”

டைம் கீப்பருக்கு என்று புதிதாக வாங்கிய பிரம்பு நாற்காலி ஷெட் வாசலில் இருந்தது. இலவம்பஞ்சு மெத்தை கூடப் போட்டிருந்தார். நல்ல மனுஷன். அண்ணன் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும், “கெட்டவனா இருந்தா சண்டை போட்டிருப்பேன்டா” என்றார். பத்து அடி நடந்தபிறகு, “நாற்காலில உக்காந்து, சபியா போறதையும் வாரதையும் நோட்டுல எழுதணுமாக்கும். அதுக்கு அந்த டாக்டரு என் காதையும் கண்ணையும் சேத்து மாத்திவிட்டிருக்கலாம்” என்றார்.

பயிற்சிக்கு வழி சொன்னவர் உமர் பாரூக்தான். அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஷெட் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஆயுதபூஜை அன்று வண்டிக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மற்றவர்கள் பழத்தை டயரை ஒட்டி வைப்பார்கள். நாங்கள் ஒரு சாண் தள்ளி வைப்போம். வண்டி தானாக நகர்ந்துபோய் ஏறினால்தான் அது பலி, ஒட்டி வைத்தால் கொலை என்று யாரோ ஒரு பழைய டிரைவர் சொல்லிவைத்திருந்தார். யாரும் எதிர்க் கேள்வி கேட்கவில்லை. எங்கள் ஷெட்டில் ஒரு சாண் என்றால் அது உமர் பாரூக் கை.

புது டிரைவரைச் சேர்க்கும்போதும் அவர் அதே மாதிரி முன் சக்கரம் இரண்டுக்கும் ஒரு சாண் முன்னால் பழம் வைப்பார். வண்டியைக் கிளட்சிலேயே நகர்த்திப் பழத்தைத் தொட்டு நிறுத்தவேண்டும். நசுக்கக் கூடாது. சீட்டில் இருந்து பார்த்தால் பழம் தெரியாது. காலுக்குத் தெரிந்தால்தான் உண்டு. பூஜைக்கு நசுக்கணும், பரீட்சைக்கு நசுக்கக் கூடாது. தூரம் மட்டும் ஒன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

“அதையே தெனம் பழகுங்கண்ணே” என்றார் உமர் பாரூக். “ஒரு சாண் வண்டிய நகட்டத் தெரிஞ்ச காலு கொட்டாம்பட்டி வரைக்கும் நகட்டிரும்.”

ஷெட்டில் ஒரு ஸ்பேர் பஸ் நின்றது. சபியாவுக்குத் தங்கச்சி மாதிரி, அதே கனத்த கிளட்ச். எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு. ராவுத்தர் மதியத் தொழுகைக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருப்பதற்குள் பழகுவது என்று ஏற்பாடு. பழம் மதினி கொண்டுவருவார். நான் சக்கரத்துப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பழத்தைப் பார்ப்பேன்.

முதல்நாள் வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. பழம் இருந்த இடத்தில் ஈரம்தான் இருந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. அன்றைக்கு ஆறு பழம் போயிற்று. மறுமுறை எட்டு. மெட்ராஸ்காரன் கிளட்சை மிதிக்கிறவரை மிதித்தான், விடும்போது பட்டென்று விட்டான். நசுங்கிய பழத்தையெல்லாம் மதினி முந்தானையில் சேர்த்துக்கொண்டு போய், கழுவி, உப்புப் போட்டு ஜாடியில் அடைத்தார். டயர் ஏறிய பழத்திலா ஊறுகாய் என்று கேட்டேன். “பஸ்ஸே ஏறினா என்ன தம்பி, நல்லாக் கழுவிட்டேன்” என்றார். அந்த ஊறுகாயில் ஒரு டீசல் வாசனை இருந்தது. நான் மூன்று மாதம் அதைத்தான் சாப்பிட்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒருநாள் பதினொரு பழம் வரிசையாகப் போய்விட்டது. அண்ணன் வண்டியை அணைத்துவிட்டுப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார். முட்டியின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். ஐம்பத்து மூன்று வயது மனிதர், துண்டால் மூடிக்கொள்ளக்கூட இல்லை.

“ஒரே ஒரு மிதிடா சின்னச்சாமி. இருபத்தி மூணு வருசமா மிதிச்ச மிதி. தூக்கத்துலகூட மிதிப்பேன், ஒங்க மதினிட்ட கேளு. இவனுக்கு ஒண்ணுமே தெரியலயேடா. இவனுக்குச் சபியாவ அடையாளமே தெரியலயே.”

இப்படிப்பட்ட நேரத்தில் எனக்குக் கோபம்தான் வரும். “எந்திரிண்ணே! பழம் பத்து வாங்கிட்டு வாரேன். அழுகுறதுன்னா வீட்ல போய் அழு” என்றேன். சொல்லிவிட்டு நானும் வண்டிக்குப் பின்னால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உமர் பாரூக் மட்டும் ஸ்பானரை வைத்துவிட்டு வந்து, “எஞ்சின் புதுசாக் கட்டினா ஆயிரம் மைல் வரைக்கும் முறுக்கமாத்தான்ணே இருக்கும். எந்த எஞ்சினையாவது அதுக்காகத் தூக்கிப் போட்டிருக்கமா?” என்றார். அண்ணன் யோசித்தார். எழுந்தார்.

ஆவணி கடைசியில் ஒரு பழம் பிழைத்தது. தோல் கிழிந்திருந்தது, ஆனால் பிழைத்தது. புரட்டாசி பிறந்தபிறகு பத்துக்கு ஐந்து பிழைத்தன, பிறகு எட்டு. கடைசி வாரம் வண்டி ஒரு சாண் நகரும், டயர் பழத்தைத் தொடும், நிற்கும். பழத்தை எடுத்துப் பார்த்தால் டயர் தூசி மட்டும் ஒட்டியிருக்கும். மதினிக்கு ஊறுகாய்க்குப் பழமில்லாமல் போயிற்று. ஆனாலும் அண்ணன் முகத்தில் சந்தோஷம் இல்லை. “மெட்ராஸ்காரன் இன்னைக்கு நிறுத்துறான். பூசையன்னைக்கு ஊரே பாக்குறப்ப என்ன பண்ணுவானோ” என்றார்.

பூஜையன்று விடியும் முன்னேயே சபியாவைக் கழுவிப் பட்டை போட்டு வாழைக்கன்று கட்டியாயிற்று. ஷெட் ஆட்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், முதல் நடைக்கு வந்த பயணிகள் என்று நல்ல கூட்டம். ராவுத்தர் புது வேட்டியோடு ஒரு ஓரமாக நின்றார். பூஜையில் கலந்துகொள்ள மாட்டார், ஆனால் பொரிகடலையும் மாலையும் அவர் செலவு. உமர் பாரூக் சாண் அளந்து இரண்டு முன் சக்கரத்துக்கும் பழம் வைத்தார். மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பிரம்பு நாற்காலி அதே இடத்தில்தான் இருந்தது, அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

அண்ணன் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் பிடித்தது. நான் இடது சக்கரத்துப் பக்கம் நின்று இரண்டு விசில் கொடுத்தேன்.

சபியா நகர்ந்தது. குலுக்கல் இல்லை, குதிப்பு இல்லை. மோருக்குத் தெரியாத நகர்வு. அப்புறம் டயர் பழத்தைத் தொட்டது.

வண்டி நின்றுவிட்டது.

அடக் கடவுளே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். அறுபது நாளாக எது வேண்டும் என்று கிடந்தோமோ அதுவே வந்து நிற்கிறது. அண்ணன் முகம் வெளிறிப்போய் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கூட்டத்தில் யார் எஞ்சினைக் கவனித்தார்கள்? “பழம் நசுங்கலயே”, “கால் வேலை செய்யல போல”, “சகுனமே சரியில்லையே” என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“நசுக்குண்ணே!” என்று கத்தினேன். ராவுத்தர் கையைத் தூக்கி என்னை அடக்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து இடது சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். சுற்றிப் போய் வலது சக்கரத்தைப் பார்த்தார். எழுந்து நின்றபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“முத்திருளா, எறங்கு. விருமாண்டி, ஏறு” என்றார்.

மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு காலாக இறங்கினார். யாரையும் பார்க்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் டிக்கெட் பையைக் கழற்றி ராவுத்தர் காலடியில் போடப் போனேன். விருமாண்டி என்னைவிட மோசமான முகத்தோடு ஏறினான்.

“விருமாண்டி, ஒரு சாண் பின்னால எடு. எடுத்துட்டியா? இப்ப முன்னால வந்து பழத்த ஒரசி நிப்பாட்டு. நசுங்கக் கூடாது.”

விருமாண்டி எட்டிப் பார்த்தான். “பூசைக்கு நசுக்கணும்ல மொதலாளி?”

“நான் சொல்றதச் செய்யுப்பா.”

விருமாண்டி தன்னால் ஆனமட்டும் மெதுவாகத்தான் வந்தான். வண்டி ஒரு முழம் தாண்டிப் போய் நின்றது. இரண்டு பழமும் பச் என்று நசுங்கித் தெறித்தன, ஒரு விதை ராவுத்தர் வேட்டியில் ஒட்டியது. நசுங்கிய சந்தோஷத்தில் பெண்கள் குலவை போட்டார்கள்.

ராவுத்தர் விதையைத் தட்டிவிட்டார். “உமரு, நம்ம ஷெட்ல இந்தப் பரீட்சைல இதுவரைக்கும் எத்தன பேரு பாஸு?”

“ஒருத்தரும் இல்ல மொதலாளி. கிட்டத்துல வந்தாலே சேத்துக்குவோம்.”

“ரெண்டு பழத்துலயும் ஒரு கீறல் இல்லப்பா. நானே பாத்தேன்.” கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “இனிமே எவனாவது இவன் காலப் பத்தி எங்கிட்ட வந்து பேசினீங்க, அந்த நாற்காலில ஒங்களத்தான் உக்கார வைப்பேன். விருமாண்டி, ஸ்பேர் வண்டிக்கு அடுத்த வாரம் பெர்மிட் வருது, அது ஒனக்கு. முத்திருளா, ஏறு. நேரமாகுது, சபியா என்னைக்கு லேட்டா கெளம்பியிருக்கா?”

அண்ணன் அசையாமல் நின்றார். மதினிதான் எழுந்து வந்து அவர் முதுகில் கை வைத்து வண்டிப் பக்கம் தள்ளினார். அழுதுகொண்டே தள்ளினார். நான் பையைத் திரும்ப மாட்டிக்கொண்டேன், நான் அதைக் கழற்றியதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

அன்றைக்குத் திருவிழாக் கூட்டம். தல்லாகுளத்தில் பாதிப் பேர் இறங்கினார்கள், மேலூரில் மோர்ப்பானைகள் ஏறின. டிரைவர் சீட்டைப் பார்த்த ஒரு பெண் துணியை அவிழ்த்து மூடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் யார் மடியிலும் விழவில்லை.

கொட்டாம்பட்டியில் இருபது நிமிஷம் நிற்கும். புளியமரத்தடியில் தூக்குச் சட்டியைத் திறந்தோம். தயிர்சோறும் டீசல் ஊறுகாயும். அண்ணன் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“மொதலாளி என்னமோ நான் வித்தை காட்டினேன்னு நெனச்சுக்கிட்டாருடா.”

“ஊரே அப்படித்தான்ணே நெனைக்குது.”

“நான் நசுக்கத்தான் போனேன். சத்தியமா. சூடம் காட்டுறப்பகூட மனசுக்குள்ள நசுக்கணும், நசுக்கணும்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். நான் நெனைக்கிறதுக்கு முன்னால என் காலு நிப்பாட்டிருச்சு.”

நான் சோற்றை வாயில் வைக்காமல் அவரைப் பார்த்தேன்.

“யாரு, மெட்ராஸ்காரனாண்ணே?”

“எந்த மெட்ராஸ்காரன்?” என்றார் எரிச்சலாக. “என் காலுடா.”

சட்டியைக் கழுவி வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து வண்டிக்குப் போனார். நான் ஜனங்களை ஏற்றி முடித்து இரண்டு விசில் கொடுத்தேன்.